சும்மா கொடுத்த முன் சீட்டு

எனக்கு எழுபத்தெட்டு முடிந்து எழுபத்தொன்பது நடக்குது. பெத்தது நாலு, செத்துப்போன தங்கச்சி விட்டுட்டுப் போனது ரெண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினவள் நான். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் சொந்தக் கூரை இருக்குது. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை ஒன்றும் இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது.

மூணாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகுது. ஆகட்டும்.

என் வீட்டுக்காரர் கல் உடைக்கிறவர். செஞ்சியைச் சுத்தி எங்கே பார்த்தாலும் பாறைதானே, அந்த வேலைக்குக் குறைச்சல் இல்லை. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்து வெடிக்க வைப்பார். குடித்துவிட்டு வந்தால் அதே கையால் என்னையும் உடைப்பார். இடது பக்கம் எனக்கு ஒரு விலா எலும்பு இன்னும் நேராக இல்லை. ஒரு நாள் வெடிக்காத குழியைப் போய்க் கிளறினார். அவரை நாலு பேர் தூக்கி வர வேண்டியிருக்கவில்லை. ஒரு வேட்டியில் கட்டி ஒருத்தர் கையிலேயே கொண்டு வந்து கொடுத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. அழுதேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நிறுத்திக்கொண்டேன். வீட்டில் ஆறு வாய் இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். என்னைவிட ஐந்து வயசு பெரியவள். தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பாள், அதனால் தெருவில் அவளுக்கு மிஷின்காரி என்றே பேர். அவளுக்கும் புருஷன் இல்லை, ஒரு தம்பி மட்டும். அவன் வெள்ளிக்கிழமை சந்தையில் ஆட்டுத் தரகு பார்த்தான். மிஷின்காரி மாசத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டாள். எங்கே போகிறாள் என்று யாருக்கும் சொல்ல மாட்டாள். என்னிடம் சொன்னாள்.

"சிங்கப்பூர் போறேன்டி. மெட்ராஸ்ல ஒரு முதலாளி டிக்கெட் எடுத்துக் குடுப்பாரு. இங்கருந்து கைலி, சேலை எடுத்துக்கினு போவணும். அங்கருந்து அவுங்க குடுக்கறத எடுத்துக்கினு வரணும். வர்றியா?"

"பிளேன்லயா?"

"பின்ன, மாட்டு வண்டிலயா?"

அப்படிப் போய் வருகிறவர்களுக்குக் குருவி என்று பேர். நானும் குருவி ஆனேன். எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் இது. மாசத்துக்கு ரெண்டு தடவை திண்டிவனம் பஸ் ஏறி, அங்கிருந்து மெட்ராஸ் போய், பிளேன் ஏறினேன். எங்கள் ஊரில் அப்போது பிளேனை அண்ணாந்து பார்த்தவர்கள்தான் உண்டு. நான் உள்ளே உட்கார்ந்து கீழே பார்த்தவள்.

வரும்போது டேப் ரெக்கார்டர், நைலான் சேலை, தைலம் எல்லாம் பெட்டியில் இருக்கும். அது கணக்குக் காட்டிக் கொண்டு வருவது. கணக்குக் காட்டாதது எங்கள் உடம்பில் இருக்கும். மிஷின்காரி எங்கள் உள்பாவாடைக்கு உள்ளே வரிசை வரிசையாக பாக்கெட் தைத்திருந்தாள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு வாட்ச். நடந்தால் சத்தம் வராது, அப்படித் தைப்பாள். உட்கார்ந்தால்தான் தொடையில் குத்தும்.

நாங்கள் நாலு பேராகப் போவோம். நானும் மிஷின்காரியும், அப்புறம் வேற ஊர் ஆட்கள் ரெண்டு பேர். பிளேனில் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். மெட்ராஸில் இறங்கின பிறகு ஒரு முறை வைத்திருந்தோம். யார் முதலில் போகிறார்களோ அவர்கள்தான் மற்றவர்களுக்குக் கண்ணு. பாஸ்போர்ட்டில் சீல் குத்தும் வரிசையில் நின்றால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி வந்து விழும் இடம் தெரியும். முன்னால் போனவர் அங்கே நின்று பார்ப்பார். சோதனை சாதாரணமாக இருந்தால் நின்றுகொண்டே இருப்பார். அன்றைக்குக் கூடுதலாக ஆபீசர்களை இறக்கி எல்லாரையும் கிளறுகிறார்கள் என்றால் தரையில் குந்திக்கொள்வார். அவ்வளவுதான். கால் வலிக்கிற பொம்பளை எங்கேயும் குந்துவாள், அதை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அதைப் பார்த்ததும் பின்னால் இருப்பவர்கள் வரிசையை விட்டுக் கழிவறைக்குப் போய், உடம்பில் இருப்பதை எல்லாம் அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். சரக்கு போனாலும் ஆள் தப்பிக்கலாம்.

எப்போதும் மிஷின்காரிதான் முன்னால் போவாள். ரெண்டு தடவை குந்தினாள். ரெண்டு தடவையும் தப்பித்தோம்.

நான் எழுத வந்த அந்த நாள் சிங்கப்பூரில் பெட்டி போடுகிற இடத்தில் ஒரே கூட்டம். ஏதோ ஒரு பிளேன் போகாமல் நின்று, அந்த ஜனமும் இதில் ஏற வந்துவிட்டது. கவுண்டரில் இருந்தது தமிழ் பேசுகிற பொண்ணு. என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் சீல்.

"அக்கா, நீங்க அடிக்கடி நம்ம பிளேன்லதான் வர்றீங்க, இல்லை?"

"ஆமாம்மா. சொந்தக்காரங்க இருக்காங்க."

"பின்னாடி இடமே இல்லைக்கா. நிறைய தடவை வந்தவங்களை முன்னாடி உட்கார வைக்கச் சொல்லியிருக்காங்க. முதல் வகுப்பு. காசு எதுவும் வேண்டாம்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

பெட்டியில் சிவப்பாக ஒரு அட்டையைக் கட்டினாள். திரும்பி வரும்போது மிஷின்காரி என் தோளை இடிக்கிற மாதிரி பக்கத்தில் வந்தாள். வேற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னாடி சிவப்பு அட்டை?"

"முன்னாடி எடம் குடுத்துட்டாங்கக்கா. சும்மா."

"சும்மாவா? மொதல்ல எறங்குவ. இன்னிக்கு நீதான் கண்ணு. தூங்கித் தொலைச்சுடாத."

"சரிக்கா."

சரி என்று சொன்னேன். அந்த வார்த்தையை எழுதிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

முன் சீட்டு எப்படி இருந்தது என்று இத்தனை வருஷத்தில் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அகலமான சீட்டு. ரெண்டு பேர் உட்காரலாம், ஒருத்தரைத்தான் உட்கார வைக்கிறார்கள். காலுக்குக் கீழே ஒரு பலகை எழும்பி வந்து காலைத் தாங்குகிறது. சூடாக ஒரு துணியைக் கொண்டுவந்து முகம் துடைக்கக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். அந்தப் பொண்ணு குனிந்து "மேடம்" என்றாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான் மேடம் என்றாள்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. முத்து மாலை, பட்டுச் சேலை, மூக்கில் வைரம். வயசு என் வயசுதான் இருக்கும். நான் கையால் பிசைந்து சாப்பிட்டேன். அந்தம்மா என்னைப் பார்த்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கையால் சாப்பிட்டார்கள்.

"அப்பாடா. இப்பத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கு. உங்களுக்கு எந்த ஊர்?"

"செஞ்சி."

"கோட்டை இருக்கற ஊரா? அங்கே என்ன பண்றீங்க?"

என் வாயில் எங்கிருந்து வந்ததோ, "நெலம் இருக்குதுங்க. நூறு காணி" என்று சொன்னேன்.

எனக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. குடியிருந்த வீடே வாடகை. ஆனால் அந்த அம்மா நம்பினார்கள். நெல்லா கடலையா என்று கேட்டார்கள். ரெண்டும்தான் என்றேன். ஆட்கள் சரியாக வேலைக்கு வருகிறார்களா என்றார்கள். எங்கேங்க வர்றாங்க, கூலி ஏத்திக் கேக்கறாங்க என்றேன். வல்லத்தில் நான் கடலை பிடுங்கின காட்டுக்காரர் எங்களைப் பார்த்து எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினேன். தொடையைச் சுத்தி வாட்ச் குத்திக்கொண்டிருந்தது. அதுகூட எனக்கு மறந்து போனது.

மெட்ராஸில் இறங்கும்போது எங்களைத்தான் முதலில் இறக்கினார்கள். பின்னால் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை நிற்க வைத்தார்கள். சீல் குத்துகிற இடத்தில் வரிசையே இல்லை. பெட்டியும் எங்களுடையதுதான் முதலில் வந்தது. நானும் அந்த அம்மாவும் பேசிக்கொண்டே பெட்டிப் பக்கம் வந்து நின்றோம்.

அங்கே பார்த்தேன். கஸ்டம்ஸ் வெள்ளைச் சட்டைக்காரர்கள் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். பொம்பளை ஆபீசர்கள் தனியாக நின்றார்கள். ஓரத்து அறைக் கதவைத் திறந்து வைத்து, முந்தின பிளேனில் வந்த பொம்பளைகளை ஒவ்வொருத்தராக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பார்த்ததுமே தெரிந்தது. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் கூட்டம் வர ஆரம்பித்தது. மிஷின்காரியின் பச்சைச் சேலை தெரிந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குந்த வேண்டும். முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பக்கத்தில் முத்து மாலைக்கார அம்மா நின்றார்கள். "செஞ்சி வந்தா உங்க வீட்டுக்குக் கண்டிப்பா வருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூறு காணிக்காரி மெட்ராஸ் ஏர்போர்ட்டில் சேலையைத் தூக்கிச் சொருகித் தரையில் எப்படிக் குந்துவாள்? அந்த அம்மா முகம் எப்படிப் போகும்? அப்போது நான் நினைத்தது இதைத்தான். சத்தியமாக இதைத்தான். ஒரு நிமிஷம் கழித்துக் குந்தலாம், இந்த அம்மா போகட்டும் என்று இருந்தேன்.

ஒரு ஆபீசர் எங்கள் பெட்டியில் இருந்த சிவப்பு அட்டையைப் பார்த்தார். "நீங்க இப்படி வாங்கம்மா" என்று மரியாதையாகக் கையைக் காட்டினார். அந்த அம்மா நடந்தார்கள். நானும் நடந்தேன். வெளிக்கதவு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது கண்ணாடி தெரியவில்லை, ஜனம்தான் தெரிந்தது.

மிஷின்காரியும் மற்ற ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

நான் என் சரக்கை எடுத்துக்கொண்டு முதலாளி கடை மாடிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் ஊர் வந்து சேர்ந்ததும் அவரிடம்தான் இருக்க வேண்டும், அது அந்தத் தொழிலின் முறை. எனக்கு முன்னால் சேதி போய்விட்டது. முதலாளி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆள் ஒருத்தன் கதவைச் சாத்தினான்.

"மூணு பேரு உள்ள போயிட்டாங்க. நீ மட்டும் எப்படிம்மா வெளிய வந்த?"

"முன்னாடி சீட்டு குடுத்தாங்க. அதனால மொதல்ல எறங்கிட்டேன்."

"முன்னாடின்னா?"

"முதல் வகுப்புங்க."

"டிக்கெட்டு நான் எடுத்தது பின்னாடி. முதல் வகுப்பு எவன் எடுத்துக் குடுத்தான்?"

"யாரும் எடுக்கல. அடிக்கடி வர்றவங்களுக்குச் சும்மா குடுக்கறாங்களாம்."

முதலாளி சிரித்தார். "நான் இருபது வருஷமா ஒரே டவுன் பஸ்சுல போறேன். ஒரு நாளாவது கண்டக்டர் எந்திரிச்சு அவன் சீட்டை எனக்குக் குடுத்தானா? காட்டிக் குடுத்தா கவர்மெண்டுல கமிஷன் உண்டுன்னு எனக்குத் தெரியாதா? சீட்டுமா சேர்த்துக் குடுக்கறாங்க இப்போ?"

அந்த ஆள் அடித்த முதல் அடியில் என் காதில் ரயில் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டது. ரெண்டாவது அடியில் கீழே விழுந்தேன். வயித்தில் மிதித்தான். அதெல்லாம் என் வீட்டுக்காரர் கையில் வாங்கிப் பழக்கப்பட்டதுதான், வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்துதான் அவனுக்கு வெறி ஏறியிருக்க வேண்டும். என் இடது கையைப் பிடித்து இரும்புப் பீரோவுக்குள் விரலை வைத்துக் கதவை அறைந்தான். நடுவிரலும் மோதிர விரலும் உள்ளே இருந்தது. எலும்பு உடைகிற சத்தம் முதலில் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது. "சொல்லு, எவன்கிட்ட சொன்ன?" என்றான். "சொல்லல" என்றேன். திரும்பவும் அறைந்தான். "சொல்லலடா நாயே" என்றேன். மூணாவது தடவை அவனே கதவை விட்டுவிட்டான்.

முதலாளி என் பாஸ்போர்ட்டை எடுத்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து அதன் மேலே வைத்தார். எல்லா சீலும் எரிந்து முடிகிற வரைக்கும் என்னை அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். ஈரத்துணியில் கையைச் சுத்திக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

வந்த ரெண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. விடிந்து வெயில் ஏறுகிற நேரம். முதலாளி கடையிலிருந்து சேதி கேட்டுவிட்டு மிஷின்காரியின் தம்பி என் வீட்டு வாசலுக்கு வந்தான். அதுவரைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"ஏய், பிளேன்ல முன் சீட்டுக்காரி! வெளிய வாடி!"

நான் வெளியே வரவில்லை. அவன் உள்ளே வந்தான். தண்ணிக் குடத்தை எல்லாம் உதைத்து உடைத்தான். என் சின்னப் பொண்ணு குறுக்கே போனது, அவளைச் சுவத்தில் தள்ளினான். என் கொண்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தான். அங்கிருந்து சந்தை வரைக்கும் இழுத்துக்கொண்டே போனான். பாதி தூரம் நடந்தேன், பாதி தூரம் தரையில் போனேன். சந்தை நிறைய ஆடு, ஆட்டைவிட ஜனம்.

"இன்னாப்பா, ஆடு வாங்கப் போறேன்னுட்டு மாட்டைப் புடிச்சாந்துட்டியா?" என்று ஒரு ஆள் கேட்டான். சிரித்தார்கள்.

"இவதான் என் அக்காவக் காட்டிக் குடுத்தவ! முதல் வகுப்புல உக்காந்துக்கினு வந்தாளாம்! கேளுங்க, எப்படிக் கெடச்சுதுன்னு கேளுங்க!"

"சும்மா குடுத்தாங்கடா!" என்று கத்தினேன். "நெறைய வாட்டி போனவங்களுக்குக் குடுக்கறாங்க!"

சந்தையே சிரித்தது. ஒரு கிழவர் கையை நீட்டி, "நான் முப்பது வருசமா இந்தச் சந்தைக்கு வர்றேன், எனக்கு ஒரு கெடாயச் சும்மா புடிச்சுக் குடுங்கப்பா" என்றார். இன்னும் சிரித்தார்கள்.

"நான் காட்டிக் குடுக்கல!"

"அப்ப எப்படிடி நீ மட்டும் வந்த?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. காட்டிக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது உண்மை, அதனால் குரல் நன்றாக வந்தது.

அவன் என் காதைப் பிடித்தான். கம்மலோடு சேர்த்து இழுத்தான். மடல் ரெண்டாகக் கிழிந்து கம்மல் அவன் கையோடு போனது. கழுத்து வழியாக ரத்தம் சூடாக இறங்கியது. அப்போதுதான் என் வலது கைக்கு ஆட்டைக் கட்டியிருந்த இரும்பு முளை தட்டுப்பட்டது. பிடுங்கினேன். அதில் கட்டியிருந்த கெடா கயித்தோடு துள்ளியது. சுழற்றி அவன் வாயில் அடித்தேன். முன் பல்லு ரெண்டு கீழே விழுந்ததை நானே பார்த்தேன். ரெண்டாவது அடி முட்டியில். அவன் விழுந்த பிறகும் ஒன்று போட்டேன். உடைந்த கையோடு ஒத்தைக் கையால் அடித்தேன், எழுதி வைக்கிறேன், ஒத்தைக் கையால்.

சிரித்தவர்கள் எல்லாம் பின்னால் போனார்கள். அவன் மண்ணில் கிடந்தபடி ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னான்.

"என் அக்கா வரட்டும். அவ வாயால சொல்லட்டும், நீதான் காட்டிக் குடுத்தவன்னு. உன் தலைய அறுத்து இதே சந்தையில வெக்கறேன். இது சத்தியம்."

அவன் சொன்னால் செய்கிறவன். ஊருக்கே தெரியும். ஆக என் தலை மிஷின்காரியின் வாயில் இருந்தது. அவள் பத்து மாசம் உள்ளே இருந்தாள்.

அந்தப் பத்து மாசம் நான் எப்படி இருந்தேன் என்று விரிவாக எழுதினால் நோட்டு பத்தாது. கடலைக் காட்டில் நான் உட்கார்ந்த வரிசையில் இன்னொருத்தி உட்கார மாட்டாள். குழாயடியில் என் குடத்தைக் காலால் நகர்த்துவார்கள். என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கல்லால் அடித்தார்கள். நான் போய் அடித்தவன் வீட்டு வாசலில் நின்று அவன் அம்மாவை அடித்தேன். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், பால் கறக்கிற என் வெள்ளாடு கழுத்தறுபட்டு வாசப்படியில் கிடந்தது. அதன் காதையும் கிழித்திருந்தார்கள். அந்தக் கறியை வெட்டி ஆக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டேன். தெருவுக்கே வாசனை போகட்டும் என்று ஆக்கினேன். ஊரை விட்டுப் போய்விடு என்று என் அண்ணன் சொன்னார். போனால் காட்டிக் கொடுத்தவள் என்றாகிவிடும், வெட்டினால் இங்கேயே வெட்டட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மிஷின்காரி ஒரு மத்தியானம் வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவளுடைய தம்பி தெருவில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் கையில் ஆடு அறுக்கிற சூரி இருந்தது. அவள் மட்டும் உள்ளே வந்தாள். முடி பூரா வெளுத்து, கன்னம் ஒட்டிப்போய், மேல் வரிசையில் ஒரு பல்லு இல்லை. ஜெயிலில் பொம்பளைகள் சண்டையில் போனதாம்.

"தண்ணி குடு."

கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள்.

"நீ காட்டிக் குடுக்கலன்னு எனக்குத் தெரியும். காட்டிக் குடுக்கற மூஞ்சி எனக்குத் தெரியும். நான் கேக்கறது வேற. நீ பாத்தியா?"

"இன்னாத்தக்கா?"

"வெள்ளச் சட்டக்காரங்கள. பொம்பளைங்கள ரூமுக்குக் கூட்டிக்கினு போனத. பாத்தியா, பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து மாசமாக அந்தப் பதிலைத்தான் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை.

"பாத்தேன்."

"அப்ப ஏன் குந்தல?"

"பக்கத்துல ஒரு அம்மா நின்னாங்க."

"எந்த அம்மா?"

"பிளேன்ல பக்கத்து சீட்டு. முத்து மாலை போட்டிருந்தாங்க. அவுங்ககிட்ட நான் நூறு காணிக்காரின்னு சொல்லிட்டேன்."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நூறு காணி."

"ஆமாக்கா."

"உனுக்கு."

"ஆமா."

"அதனால குந்தல."

"வெக்கமா இருந்துச்சுக்கா."

அவள் சிரித்தாள். வயித்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பல் இல்லாத இடத்தில் காத்து விசிலடித்தது. சிரித்துக்கொண்டே அடுப்பில் செருகியிருந்த சவுக்குக் கட்டையை உருவினாள். ஒரு முனையில் நெருப்பு இருந்தது.

"நாலு பொம்பளைங்க முன்னாடி என் பாவாடைய அவுத்தாங்கடி. நான் தச்ச பாக்கெட்ட என் கையாலயே பிரிக்கச் சொன்னாங்க. ஒண்ணொண்ணா பிரிச்சேன். உனுக்கு வெக்கமா?"

தோளில் விழுந்த முதல் அடியில் கழுத்தெலும்பு போனது. முதுகில் அடித்தாள். கையில் அடித்தாள். ரவிக்கை கருகி ஒட்டிக்கொண்டது. அவளுடைய தம்பியின் பல்லைப் பேர்த்த கை எனக்கு இருந்தது, அவளைத் தூக்கி அடுப்பிலேயே போட்டிருக்கலாம், அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. நான் ரெண்டு கையையும் சுவத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு மூச்சு வாங்குகிற வரைக்கும் நின்றேன். கட்டையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இன்னாக்கா?" என்று தம்பி கேட்டது என் காதில் விழுந்தது.

"உள்ள வை கத்திய. அவ காட்டிக் குடுக்கல."

"அப்புறம் எப்படி மாட்டின?"

"என் கண்ணு சரியாத் தெரியல. நான்தான் கவனிக்கல. அவளை இனிமே எவனாவது தொட்டா நான் பாத்துக்கறேன். போ."

அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சில் தெரு மாறிவிட்டது. மறுநாள் குழாயடியில் என் குடத்துக்கு இடம் விட்டார்கள். ஒரு தப்பும் பண்ணாத பொம்பளையை அநியாயமாக அடித்துவிட்டோம் என்று ஊரே பேசியது. நான் மறுத்துப் பேசவில்லை. கிழிந்த காதைக் காட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும். மிஷின்காரி என்னோடு திரும்பப் பேசவே இல்லை. நாங்கள் இன்னொரு வீட்டுக்கு மாறிப் போகிற வரைக்கும் அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரிடமும் நூறு காணியைப் பற்றி அவள் சொல்லவில்லை. நான் மாறிப்போன தெரு வரைக்கும் வந்து யாராவது சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு பல வருஷம் இருந்தேன். சொல்லவில்லை.

போன மாசம் மிஷின்காரி செத்துப்போனாள். கருமாதிக்குப் போனேன். அவளுடைய தம்பி இப்போது கிழவன், முட்டி மடங்காது, கோல் ஊன்றித்தான் நடக்கிறான். அந்த முட்டியை மடங்காமல் பண்ணினவள் நான். எல்லார் முன்னாலும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, உன் காதைப் பாக்கும்போதெல்லாம் என் வயிறு எரியுது. ஒரு தப்பும் பண்ணாதவளை ஜனத்துக்கு நடுவுல இழுத்தேன். சாவறதுக்குள்ள நீ ஒரு வார்த்த சொல்லிடு, மன்னிச்சேன்னு."

என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். இன்னும் நான் அவன் மேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து நேத்து ஆள் விட்டு அனுப்பினான். வரச் சொல்லிவிட்டேன். இதோ வந்து முன் ரூமில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். என் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சின்னப் பேத்தி உள்ளே டிவி பார்க்கிறாள். வாயால் சொன்னால் நடுவில் எங்கேயாவது மாத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் இத்தனை நாள் உட்கார்ந்து எழுதினேன்.

அடியே சின்னவளே, டிவியை நிறுத்திட்டு இங்க வா. ஆயா எழுத்து கோணலாத்தான் இருக்கும், உனுக்குப் புரியும். முன் ரூம்ல அந்தத் தாத்தாவுக்கு எதிர உக்காந்து, மொதல்லருந்து படி. எதையும் விடாத. சத்தமா படி, அவருக்கு ஒரு காது மந்தம்.